சொல்லச் சொல்ல எழுதினவன்

வினாத்தாள் கொடுத்து முடித்து இரண்டாவது மணியும் அடித்த பிறகு, மூன்றாவது வரிசை நாலாவது பெஞ்சின் இடது ஓரம் காலியாகக் கிடந்தது. காலியாகத்தான் கிடக்கும் என்று சண்முகவடிவு டீச்சருக்கு நேற்றே தெரியும். தெரிந்துகொண்டே அந்த மரத்தில் சாக்பீஸால் 1027 என்று எண் போட்டவளும் அவள்தான். போடாமல் விட்டிருக்கலாம். விட்டால் 1026க்கு அடுத்து 1028 வரும், கணக்கு டீச்சருக்கு எண்ணத் தெரியவில்லை என்பார்கள், இருபத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது ஒரு கேவலமா, அதெல்லாம் இல்லை, போடாமல் விடக் கை வரவில்லை, அவ்வளவுதான். பையன் பெயர் கொம்பையா. பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. பதினெட்டு நாளாக மாவட்டத் தலைநகரில், கூர்நோக்கு இல்லம் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அங்கே இருக்கிறான். சின்னப் பிள்ளைகள் தப்புச் செய்ததாகப் போலீஸ் பிடித்தால் விசாரணை முடிகிறவரை அங்கேதான் வைப்பார்களாம். ஐந்து வருஷம் இந்தப் பள்ளிக்கூடத்தில் அவனை நாங்கள் யாராவது ஒரு தரம் நேராகப் பார்த்தோமா என்று நேற்றிலிருந்து மண்டைக்குள் ஒரு கேள்வி, கேட்பதும் அவள், பதில் சொல்ல மாட்டாமல் முழிப்பதும் அவள். ஒரு மணி வரை தேர்வு. பன்னிரண்டு மணிக்கு நன்னடத்தை அலுவலர் வருகிறாள். நேற்று போனில் பேசினாள், ஜெனிட்டா என்று பெயர் சொன்னாள், குரலைக் கேட்டால் தன் மகள் வயதுதான் இருக்கும். “டீச்சர், பையனப் பத்தி ஸ்கூல்ல விசாரிச்சு நான் ரிப்போர்ட் குடுக்கணும். அதப் பாத்துட்டுத்தான் இளைஞர் நீதிக் குழுமத்துல அவன வீட்டுக்கு அனுப்பதா இல்ல இங்கயே வைக்கதான்னு முடிவு பண்ணுவாவ. நீங்க குடுத்த பதினோரு லெட்டரும் பைல்ல இருக்கு. அதப் பத்தித்தான் உங்கட்ட கேக்கணும்.” அதைப் பற்றித்தான். சரிம்மா வாங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

மேலே மின்விசிறி டக் டக் என்று ஒரே சுற்றில் ஒரே இடத்தில் இடித்துக்கொண்டு சுற்றியது. அது பதினைந்து நாளாக அப்படித்தான் சுற்றுகிறது, சொன்னால் யார் கேட்கிறார்கள். பிள்ளைகள் எல்லோரும் குனிந்து மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்பது ஸ்கேல், நாற்பது பென்சில், இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கோடு, சர்ரென்று நாற்பது சத்தம் ஒன்றாகக் கேட்டு அடங்கியது. மார்ஜின் விட்டு எழுது. அதைச் சொல்லாமல் அவள் ஒரு பிள்ளையையும் எழுத விட்டதில்லை, கணக்கானாலும் சரி, கடிதமானாலும் சரி. கடிதம் என்றால் லீவு லெட்டர் இல்லை. மன்னிப்புக் கடிதம். அது இந்தப் பள்ளிக்கூடத்தின் வழக்கம், ஆரம்பித்து ஆறேழு வருஷம் இருக்கும். பிள்ளைகள் மேல் கை வைக்கக் கூடாது என்று மேலே இருந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், பிரம்பையெல்லாம் ஆய்வகத்துப் பரண் மேல் போட்டாயிற்று, அப்புறம் எப்படித்தான் மேய்க்கிறது என்று ஆசிரியர் கூட்டத்தில் ஆளாளுக்குப் புலம்பினபோது தலைமையாசிரியர் ஆவுடையப்பன் சார்தான் வழி சொன்னார். “கை வைக்காதீங்க. எழுதி வாங்குங்க. நாளைக்கு ஒண்ணுன்னா பேப்பர் பேசும்.” ஒழுங்குக் குழு என்று ஒன்று போட்டு, யாருமே ஏற்க மாட்டேன் என்றபோது இவள் தலையில் கட்டினார். கட்டினார் என்ன கட்டினார், இவளும் ஆசையாகத்தான் வாங்கிக்கொண்டாள். தான் ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. பக்கத்து வகுப்பு வாத்தியார் காதைத் திருகினால் இவளுக்கு வலிக்கும். அதனால் அடிக்காமல் திருத்துகிற வழி கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள், பச்சை அட்டைக் கோப்பு ஒன்று தன் கைக்காசில் வாங்கினாள். எவ்வளவு பெரிய முட்டாள், எவ்வளவு சந்தோஷமான முட்டாள்.

“டீச்சர், அஞ்சாவது கேள்வில எழுத்து தெரியல.” முன் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள். குனிந்து பார்த்தாள். அச்சு மங்கியிருந்தது, வாசித்துச் சொன்னாள். கீழே கடிதக் கேள்வி கண்ணில் பட்டது. உங்கள் ஊரில் நூலகம் அமைத்துத் தருமாறு மாவட்ட நூலக அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக. அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள். கொம்பையா இருந்திருந்தால் முதலில் இதைத்தான் எழுதியிருப்பான், தமிழில் மற்றதெல்லாம் தடுமாறுவான், கடிதத்தில் மட்டும் முழு மதிப்பெண். ஏன் வாங்க மாட்டான், பதினோரு தடவை பழகினவன். தமிழய்யாவே ஒரு தரம் கேட்டார், “கடிதம் மட்டும் இவ்வளவு சுத்தமா எழுதுதானே, யாரு பழக்கிவிட்டது?” இவள் சிரித்தாள். நான்தான் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள், அந்தச் சிரிப்பு இப்போது பல்லில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி இருக்கிறது.

முதல் கடிதம் ஏழாம் வகுப்பில். கணக்கு நோட்டு கொண்டுவரவில்லை, ஏன் என்று கேட்டால் தங்கச்சி கிழித்துவிட்டாள் என்றான், பொய் சொல்லாதே என்றால் பொய் இல்ல டீச்சர் என்று சத்தமாகச் சொன்னான். சத்தமாகத்தான் சொன்னான், உண்மை சொல்கிற பிள்ளை வேறு எப்படிச் சொல்லும். ஆசிரியரை எதிர்த்துப் பேசி மிரட்டினேன் என்று எழுது என்றாள். மிரட்டவில்லை. பதினோரு வயசு, பெஞ்சுக்கு மேல் தலை தெரியாத உயரம், அவன் எங்கே மிரட்ட. ஆனால் சின்னதாக எழுதினால் பயம் வராது, கொஞ்சம் கூட்டி எழுதினால்தான் அடுத்த தரம் யோசிப்பான் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டிருந்தாள், எல்லாப் பிள்ளைக்கும் அதே கணக்கு, ஒன்று செய்தால் இரண்டாக எழுது. அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். முடிவில் ஒரு வரி உண்டு, அது ஆவுடையப்பன் சார் சொல்லிக் கொடுத்தது, எல்லாக் கடிதத்திலும் வர வேண்டும்: இதை நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன் எழுதுகிறேன். அதையும் சொன்னாள், அதையும் எழுதினான். வற்புறுத்தலுக்கு எந்த ‘ற’ டீச்சர் என்று கேட்டுக்கொண்டு எழுதினான். எழுதிக் கொடுத்ததும், “சரி, போய் உக்காரு.” அவ்வளவுதான் தண்டனை. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்து அவன் பழையபடி பக்கத்துப் பையனோடு பென்சில் மாற்றிக்கொண்டிருப்பான். அடியும் இல்லை, வெயிலில் நிற்பதும் இல்லை, எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அது பிடித்தே போய்விட்டது. இவளுக்கும்தான்.

அப்புறம் முடி. காதுக்கு மேல் இரண்டு பக்கமும் ஒட்ட வழித்து நடுவில் குருவிக் கூடு வைத்துக்கொண்டு வந்தான், அந்த வருஷம் ஊரில் பாதிப் பையன்களுக்கு அதே தலைதான், ஒழுக்கக்கேடான தோற்றத்தில் வந்து மற்ற மாணவர்களையும் கெடுத்தேன் என்று எழுதினான். ஒரு நாள் மதிய இடைவேளையில் சுவர் ஏறிக் குதித்து வெளியே போனான், அம்மாவுக்கு இழுப்பு, மாத்திரை வாங்கிக் கொடுக்க மறந்துவிட்டதாம், வாசல்வழி போனால் வாட்ச்மேன் விட மாட்டார். மதில் சுவர் ஏறிக் குதிப்பது என் வழக்கம் என்று எழுதினான். வழக்கம் என்று ஏன் சொன்னாள்? இப்போது நினைத்தால் நினைவே இல்லை, வாயில் வந்தது, சொன்னாள், எழுதினான். மாத்திரையைப் பற்றி ஒரு வரி எழுதட்டுமா என்றுகூட அவன் கேட்கவில்லை. கேட்டது ஒரே ஒரு தடவைதான். எட்டாம் வகுப்பில் கலர் சாக்பீஸ் இரண்டு துண்டு எடுத்துப் பைக்குள் போட்டிருந்தான், தங்கச்சி தரையில் கட்டம் போட்டு விளையாடக் கேட்டாளாம். பள்ளிக்கூடத்துப் பொருளைத் திருடினேன் என்று சொன்னாள். பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தான். “டீச்சர், திருடினேன்னா போடணும்? எடுத்தேன்னு போடட்டுமா?” “திருடினேன்னே போடு. அப்பத்தான் மனசுல நிக்கும்.” அவன் எழுதினான். நின்றுவிட்டது, யார் மனசில் என்பதுதான் மாறிப்போயிற்று. இரண்டு துண்டுச் சாக்பீஸ். இன்றைக்குக் காலையில் அதே மாதிரி ஒரு துண்டால்தான் அவள் 1027 போட்டாள்.

அரை மணி அடித்தது. அலுவலக உதவியாளர் சங்கரபாண்டி வராதவர்கள் பட்டியலை நீட்டினார். எண், பெயர், காரணம் என்று மூன்று கட்டம். 1009, காய்ச்சல். 1033, அக்கா கல்யாணம். 1027, கொம்பையா. காரணக் கட்டத்தில் பேனாவை வைத்தாள், எடுத்தாள். “நீண்ட விடுப்புன்னு சார் போடச் சொன்னாவ” என்று சங்கரபாண்டி காதோடு சொன்னார். “இருக்கட்டும் அண்ணாச்சி, பொறவு போடுதேன்” என்று கட்டத்தை வெறுமையாக விட்டே கொடுத்து அனுப்பினாள். நீண்ட விடுப்பாம். தாத்தா வீட்டுக்குப் போயிருக்கிறான் போல.

கார்த்திகை மாதத்தில் இரண்டு நாள் மழை விடுமுறை விட்டார்கள். மூன்றாம் நாள் திறந்தால் கணினி அறையின் பூட்டு உடைந்து கிடந்தது, மூன்று லேப்டாப் இல்லை. போலீஸ் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியைக் குடித்துக்கொண்டே, “பையன்கள்ல யார் மேலயாவது சந்தேகம் உண்டா சார்?” என்றார். ஆவுடையப்பன் சார் இவளைப் பார்த்தார். இவள் பீரோவைத் திறந்து பச்சைக் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். யாரும் வற்புறுத்தவில்லை, முழு மனதுடன்தான் எடுத்துக் கொடுத்தாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, எவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறோம் பார் என்று, தேதிவாரியாக, பெயர்வாரியாக, நூல் கோத்து. அவர் புரட்டினார். ஒரு பையனுக்கு ஒன்று, ஒருத்தனுக்கு மூன்று, கொம்பையாவுக்குப் பதினொன்று. “திருடினேன்னு எழுதிருக்கான். சுவர் ஏறிக் குதிக்கது என் வழக்கம்னு எழுதிருக்கான். அவங் கையெழுத்துதானே?” “அவங் கையெழுத்துதான் சார்” என்றாள். அது பொய்யா? பொய் இல்லை. சொல்லியிருக்கலாம், இதெல்லாம் பயமுறுத்த எழுதி வாங்கினது சார், நான் சொன்னதைத்தான் எழுதினான் என்று ஒரு வார்த்தை. காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்திருக்கலாம்.

மழை பெய்யும் போலிருந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றாள். வாசலில் பூலம்மாள் நிற்கிறாளோ என்று கண் தானாகத் தேடியது. இல்லை. கொம்பையாவின் அம்மா, பீடி சுற்றுகிறவள், மூன்று நாளைக்கு முன் வந்து வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. இவள்தான் போனாள். அந்தப் பெண் திட்டுவாள் என்று நினைத்து மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை. “டீச்சரம்மா, எம் புள்ள உங்களத்தான் சொல்லுவான். எங்க கணக்கு டீச்சர் ஒரு நாளும் அடிச்சதில்லம்மான்னு சொல்லுவான். நீங்க ஒரு வார்த்தை அந்த ஆபீசர்ட்ட சொன்னியன்னா விட்டுருவாவல்லா? மழை லீவு ரெண்டு நாளும் எங்கூட ஒக்காந்து எல வெட்டிக் குடுத்தான் டீச்சரம்மா. நான் சொன்னா பெத்தவ அப்படித்தான் சொல்லுவான்னு சொல்லுதாவ.” பேசப் பேச இழுப்பு வந்து மார்பு ஏறி இறங்கியது. மாத்திரை போட்டியா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பார்ப்போம் என்று சொன்னாள். பார்ப்போம் என்பது எவ்வளவு வசதியான சொல், அதற்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடி வைக்கலாம்.

“டீச்சர், பேப்பர்.” கூடுதல் தாள் கொடுத்தாள். கையெழுத்துப் போட்டாள். “டீச்சர், நூல்.” நூல் கொடுத்தாள். 1028 நிமிர்ந்து பக்கத்து இடத்தைப் பார்த்தான், பிறகு டீச்சரைப் பார்த்தான், டீச்சர் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டென்று குனிந்துகொண்டான். வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கொம்பு உள்ளே போய்விட்டான் என்று கழிப்பறைச் சுவரில் எழுதிக்கூட வைத்திருந்தார்கள், யார் எழுதினது என்று ஒழுங்குக் குழு விசாரிக்க வேண்டும், எழுதி வாங்க வேண்டும், அவள் ஒரு வாளித் தண்ணீரும் விளக்குமாறும் கேட்டு வாங்கித் தானே அழித்தாள். தேய்க்கத் தேய்க்கக் கரி கையெல்லாம் ஒட்டியது.

அவனைக் கூட்டிப் போன நாள் மூன்றாம் பீரியட், அவளுடைய வகுப்புதான். இருபடிச் சமன்பாடு. வாசலில் ஒரு போலீஸ்காரர் மப்டியில் நின்றார், பின்னால் ஆவுடையப்பன் சார். கொம்பையா எழுந்து நின்றான். போகிறதா வேண்டாமா என்று அந்தப் போலீஸ்காரரையோ தலைமையாசிரியரையோ பார்க்கவில்லை, இவளைப் பார்த்தான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஜெனிட்டாவிடம் போனில் சொல்லவில்லை, வீட்டில் சொல்லவில்லை, சாமியிடம்கூட அந்த இடம் வரும்போது நைசாகத் தாண்டிப் போய்விடுவாள். அவன் இவளைப் பார்த்தான், இவள் சொன்னாள்: “போலே, ஒண்ணும் இல்ல. பயப்படாத. எழுதிக் குடுக்கச் சொன்னா எழுதிக் குடுத்துட்டு வா.” தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னாள். சரி டீச்சர் என்றான். நோட்டை மூடி வைக்கவில்லை, விரித்தபடியே வைத்துவிட்டுப் போனான், உடனே வந்துவிடுகிறவன் எதற்கு மூட வேண்டும். பேனாவை மட்டும் எடுத்து மூடி போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். எழுத வேண்டியிருக்குமே. அந்தப் பேனா. பெருமாளே, அந்தப் பேனாவை அவன் எடுத்துச் செருகிக்கொண்டு போனது.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததன் நகலை ஆவுடையப்பன் சார் கொண்டுவந்து காட்டினார். “பாத்தியளா, ஒத்துக்கிட்டான். நாம சொன்னது சரியாப் போச்சு.” அவள் வாங்கிப் பார்த்தாள். இடது பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மார்ஜின் விட்டிருந்தது. ஸ்கேல் கிடைத்திருக்காது போல, தாளை மடித்துக் கோடு உண்டாக்கியிருந்தான். அனுப்புநர், கொம்பையா, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு. பெறுநர், உயர்திரு காவல் ஆய்வாளர் அவர்கள். பொருள், மன்னிப்புக் கோருதல் தொடர்பாக. மூன்று லேப்டாப்களைத் திருடியது நான்தான். எடுத்தது என்று எழுதவில்லை. இனிமேல் இவ்வாறு நடக்க மாட்டேன் என உறுதி கூறுகிறேன். இதை நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதுடன் எழுதுகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்த மாணவன். காவல் ஆய்வாளருக்குக் கீழ்ப்படிந்த மாணவன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டு அவன் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தானாம், போகலாமா சார் என்றுகூடக் கேட்காமல். இரண்டு பேர் பிடித்து உட்கார வைத்தார்களாம். ஆவுடையப்பன் சார் அதைச் சொல்லிச் சிரித்தார், “என்ன தெனாவெட்டு பாத்தியளா.” பொருள் எங்கே என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் ஒரு லேப்டாப்பும் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும், அவன் எழுதிக் கொடுக்கப் பழகினவன், எடுக்கப் பழகினவன் இல்லையே.

இப்போது என்ன சொல்வது? காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே சார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “பைல்ல உள்ளதச் சொல்லுங்க, போதும். நான் சொல்லித்தான் எழுதினான் அது இதுன்னு ஆரம்பிச்சியன்னா பள்ளிக்கூடம் பேரு கெடும். மெமோ உங்களுக்குத்தான் வரும். ரெண்டு வருஷம் இருக்கு ரிட்டயர்மெண்டுக்கு, பாத்துக்கிடுங்க.” பதறாமல் சொன்னார், அக்கறையாகத்தான் சொன்னார், அதுதான் கஷ்டம். பைலில் உள்ளதைச் சொன்னால் போதும். அவன் கையெழுத்துதானா? ஆமாம். அவனாகத்தான் எழுதினானா? அந்த இடத்தில் சும்மா தலையை ஆட்டினால் போதும், வாய்கூடத் திறக்க வேண்டாம். ஆட்டினால் அந்தப் பெண் குறித்துக்கொள்வாள், வழக்கமாகத் தவறு செய்யும் சிறுவன் என்று, அவன் அங்கேயே இருப்பான், பொதுத்தேர்வு போகும், போனால் போனதுதான், ஒரு தரம் அந்த வாசல் ஏறின பிள்ளையை ஊரில் எங்கே எது காணாமல் போனாலும் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் பேனாவை எடுத்துச் செருகிக்கொண்டு போவான். ஆட்டாவிட்டால்? மெமோ. விசாரணை. இருபத்தாறு வருஷம் பெயர் எடுத்த டீச்சர் பிள்ளைகளிடம் பொய்யாக எழுதி வாங்கினாள் என்று ஊரே பேசும். பேசட்டும். பேசட்டும் என்று நினைக்கும்போதே பயமாகத்தான் இருந்தது. ஒரு பேச்சுக்குக்கூடத் தைரியம் என்று சொல்ல முடியாது. நாற்பது பேனாக்கள் நூலகம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தன.

பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம் கழித்துச் சங்கரபாண்டி வந்தார். “டீச்சர், ஆபீசர் அம்மா வந்திருக்காவ. சார் கூப்பிடுதாவ. ஹாலைத் தமிழய்யா பாத்துக்கிடுவாவளாம்.” மேசை மேல் கிடந்த கூடுதல் தாள்களை அடுக்கி அய்யாவிடம் கொடுத்தாள். ஒன்றை மட்டும் எதற்கென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

தலைமையாசிரியர் அறையில் ஜெனிட்டா சுடிதாரும் நனைந்த குடையுமாக உட்கார்ந்திருந்தாள். நினைத்ததைவிடச் சின்னப் பெண். மேசை மேல் பதினோரு கடிதங்களின் நகல் இருந்தது. பச்சைக் கோப்பும் இருந்தது.

“டீச்சர், இதெல்லாம் கொம்பையா கையெழுத்துதானே?”

“ஆமாம்மா.”

“அவனாவே எழுதினதா?”

அந்த இடம் வந்துவிட்டது. தலை ஆடவில்லை. ஆடாமலும் நிற்கவில்லை, என்ன செய்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆவுடையப்பன் சார் குறுக்கே வந்தார். “பைல்லதான் எல்லாம் தெளிவா இருக்கே மேடம். கடைசி வரியப் பாருங்க, யாருடைய வற்புறுத்தலும் இன்றின்னு போட்டிருக்கான்.”

“பாத்தேன் சார். எல்லாத்துலயும் அதே வரி இருக்கு. அதான் கேக்கேன்.” ஜெனிட்டா கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். “டீச்சர், அவன் அங்க வந்த நாள்லருந்து தினம் ஒருத்தர்ட்ட பேப்பர் கேட்டு லெட்டர் எழுதிக் குடுக்கான். வார்டனுக்கு ஒண்ணு, சமையல்காரருக்கு ஒண்ணு, எனக்கு ரெண்டு. எல்லாம் மன்னிப்புக் கேட்டு. எழுதிக் குடுத்துட்டு வாசப்பக்கம் போயி நிக்கான். இது நேத்து எழுதினது. உங்களுக்கு.”

வாங்கிப் பிரித்தாள். இடது பக்கம் மார்ஜின். அனுப்புநரில் இன்னும் பத்தாம் வகுப்பு ஆ பிரிவு என்றே போட்டிருந்தான். பெறுநர், உயர்திரு கணக்கு ஆசிரியை அவர்கள். பொருள், அரையாண்டுத் தேர்வுக்கு வராமைக்கு மன்னிப்புக் கோருதல் தொடர்பாக. அதற்குக் கீழே பாதி வரைக்கும் வழக்கமான வாசகம், அவளுடைய வாசகம். பாதிக்கு மேல் சொல்லித் தர ஆள் இல்லாமல் அவனாகவே எழுதியிருந்தான்.

டீச்சர், நீங்கள் சொன்னபடி ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் விடவில்லை. நான் ஏதோ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன் போல. அது என்ன தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொன்னால் அதையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

அவள் அந்தத் தாளை மடிக்கப் பார்த்தாள், மடிக்க வரவில்லை. அழுகை வந்தது. ஆவுடையப்பன் சார் முன்னாலும் அந்தச் சின்னப் பெண் முன்னாலும் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு அழுதாள். ஜெனிட்டா தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நான் எழுதித் தந்தா குழுமத்துல வைப்பியாம்மா?” என்று கேட்டாள்.

“வைப்பேன் டீச்சர். நாளைக்கு வைக்கேன். போதுமாங்கறத அவங்கதான் சொல்லணும்.”

கொண்டுவந்த கூடுதல் தாளை மேசையில் விரித்தாள். ஸ்கேல் இல்லை. தாளின் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, நகத்தால் நீவி, திரும்பப் பிரித்தாள். அனுப்புநர் என்று எழுதித் தன் பெயரை எழுதினாள். பொருள் என்று எழுதின பிறகு பேனா நின்றது. இருநூறு பிள்ளைகளுக்கு மூச்சு விடாமல் சொன்னவளுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எடுத்தேன் என்று போடட்டுமா என்று யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

ஆவுடையப்பன் சார் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தி, அன்பாகத்தான் சொன்னார். “பதறாதீங்க டீச்சர். எழுதணும்னா எழுதுவோம். எப்படி எழுதணும்னு நான் சொல்லுதேன், நீங்க எழுதுங்க.”

அவள் பேனாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம் சார்” என்றாள். “இத நானே எழுதிக்கிடுதேன்.”